பறக்கும் பறவையை ஒரே படத்தில் ஏழு முறை பதிவது எப்படி?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: "கேமராவில் மல்டிபிள் எக்ஸ்போஷர் (பல ஃப்ரேம்களை ஒரே படமாகச் சேர்க்கும் வசதி) இருக்கிறது. ஏரிக்கு மேலே பறந்த ஒரு கொக்கை ஐந்து எக்ஸ்போஷரில் எடுத்தேன். ஐந்து கொக்குமே புகை மாதிரி, பின்னால் இருக்கும் வானம் ஊடே தெரிகிற மாதிரி விழுந்திருக்கிறது. எங்கே தப்பு? பறவைப் படத்தில் இது உருப்படியாக வருமா? ஃபோட்டோஷாப்பில் ஒட்டிவிட்டுப் போகலாமே, பிறகு இது எதற்கு?"

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

உங்கள் கேமராவில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் பறவையைப் பார்த்தீர்கள், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மல்டிபிள் எக்ஸ்போஷரில் பறவையைத் தேடிப் போகக் கூடாது. முதலில் பின்புலத்தைத் தேட வேண்டும். அங்கே கேமராவை நட்டு வைத்துவிட்டு, பறவை அந்த வழியே வரும் வரை காத்திருக்க வேண்டும். சாதாரணப் பறவைப் படத்துக்குப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். பல ஆண்டுகள் எடுத்துப் பழகியவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வானத்தின் வெளிச்சத்துக்கு 200 என்று எண் கொடுப்போம், காக்கைக்கு 20. எளிமைக்காகத்தான் இந்த எண்கள். ஐந்து ஃப்ரேம் எடுக்கிறீர்கள். காக்கை நகர்ந்துகொண்டே இருப்பதால், படத்தின் எந்த ஒரு புள்ளியிலும் அது ஒரே ஒரு ஃப்ரேமில்தான் இருக்கும். மற்ற நான்கிலும் அந்தப் புள்ளியில் வானம். 'ஆவரேஜ்' முறையில் கேமரா ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுக்கும்: நான்கு இருநூறும் ஓர் இருபதும் சேர்ந்து 820, வகுத்தால் 164. சுற்றிலும் 200 இருக்கும் இடத்தில் 164 என்றால் காக்கை ஒரு மங்கல் கறைதான். உங்கள் கொக்குக்கு நடந்தது இதுவே. அதுவும் வெள்ளைக் கொக்கு, வெளிறிய வானம். வித்தியாசம் முதலிலேயே குறைவு, அதையும் ஐந்தால் வகுத்துவிட்டீர்கள்.

இதே ஐந்து ஃப்ரேமை 'டார்க்' முறையில் சேர்த்தால் கேமரா கூட்டுவதும் இல்லை, வகுப்பதும் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்தில் எது இருட்டோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 200, 200, 20, 200, 200 என்றால் விடை 20. ஐந்து காக்கையும் முழுக் கறுப்பாக நிற்கும். 'பிரைட்' முறை இதற்கு எதிர். எது வெளிச்சமோ அது நிற்கும். நிக்கான் கேமராக்களில் இவற்றுக்கு டார்க்கன், லைட்டன் என்று பெயர். நான்காவது முறை 'ஆடிட்டிவ்', வெறும் கூட்டல். இரண்டு ஃப்ரேம் கூட்டினால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து எடுக்க வேண்டும், நான்கு என்றால் இரண்டு ஸ்டாப், எட்டு என்றால் மூன்று. இல்லாவிட்டால் வானம் வெந்து வெள்ளையாகிவிடும்.

ஆக, வெளிச்ச வானத்தில் கறுத்த பறவை என்றால் டார்க். இருட்டுப் பின்னணியில் வெளுத்த பறவை என்றால் பிரைட். உங்கள் கொக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் நிழல் விழுந்த மரக்கூட்டம் வருகிற இடமாகப் பார்த்து நின்று, பிரைட் முறையில் எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றினாற்போல் ஐந்து கொக்கும் தனித்தனியே விழும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. எத்தியன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் 1/720 நொடி. அதே ஆண்டில் ஒரே கண்ணாடித் தகட்டின் மேல் பல முறை ஒளி விழச் செய்யும் முறைக்கு மாறினார். பாரிஸில் அவர் அமைத்த ஆய்வு நிலையத்தில் கறுப்புப் பின்னணி ஒன்றைக் கட்டி, அதற்கு முன்னால் வெள்ளைப் பறவைகளைப் பறக்கவிட்டார். ஒரு கூழைக்கடா இறங்கும் காட்சி அப்படி ஒரே தகட்டில் பதிந்து இன்றும் இருக்கிறது. அவர் ஏன் கறுப்புச் சுவர் கட்டினார்? புகைப்படத் தகட்டுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும். ஒரு முறை வெளிச்சம் விழுந்த இடத்தை மறுபடி இருட்டாக்க முடியாது. வானத்தைப் பின்னணியாக வைத்தால் பத்து முறையும் வானமே பதிந்து பறவையை அழித்துவிடும். நூற்றுநாற்பது ஆண்டுக்கு முன்னால் அவர் சுவர் கட்டித் தீர்த்த சிக்கல்தான் உங்கள் கொக்கின் சிக்கலும். நமக்குக் கிடைத்திருக்கும் கூடுதல் வசதி டார்க் முறை. ஃபிலிமில் இது கிடையாது. வானத்தையே சுவராக்கிக்கொள்ள இது வழி விடுகிறது.

இனி, பறக்கும் வரிசையை எடுப்பது. நம் ஊரில் இதற்கு வேடந்தாங்கலைவிடச் சௌகரியமான இடம் எனக்குத் தெரியவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை சங்குவளை நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களுக்கு மாலையில் திரும்பி வரும். பறவைகள் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே பாதையைப் பிடிக்கும். பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பார்த்தாலே அந்தப் பாதை புரிந்துவிடும். அந்தப் பாதைக்குக் குறுக்காகக் கேமராவை ட்ரைபாடில் இறுக்கிவிடுங்கள். பறவையைத் துரத்தித் திருப்பக் கூடாது. திருப்பினால் வரிசை கிடையாது.

இங்கே லென்ஸ் விஷயத்தில் மனசை மாற்றிக்கொள்ள வேண்டும். முழு ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். நூறு மீட்டர் தள்ளிப் பறக்கும் பறவையை 600 மில்லிமீட்டர் லென்ஸில் பார்த்தால் குறுக்கே 6 மீட்டர் இடம்தான் தெரியும். 400இல் 9 மீட்டர். 200இல் 18 மீட்டர். நாரை நொடிக்குப் பத்து மீட்டர் பறப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 ஃப்ரேம் வேகத்தில் அடித்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவே அது ஒரு மீட்டர்தான் நகர்ந்திருக்கும். கழுத்தையும் காலையும் நீட்டிப் பறக்கும் சங்குவளை நாரையின் நீளமே ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒன்றின் அலகு முன்னதன் காலைக் குத்தும். நொடிக்கு 5 ஃப்ரேம் என்று குறைத்தால் இரண்டு மீட்டர் இடைவெளி. இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கும். ஏழு ஃப்ரேம் எடுக்க 1.2 நொடி, மொத்தம் பன்னிரண்டு மீட்டர் தூரம், நாரையின் நீளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய பதின்மூன்று. 200 லென்ஸில் அழகாக அடங்கும். 600 வைத்திருப்பவருக்கு மூன்றே நாரைதான் கிடைக்கும். கையில் கிட் லென்ஸோடு வந்த 70-300 இருக்கிறதே என்று வருத்தப்படுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இந்த ஒரு வேலைக்கு உங்களுடையதுதான் சரியான லென்ஸ். பறவைக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கும் பருவத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இன்னொன்று. சிறகடிப்பும் ஃப்ரேம் வேகமும் ஒத்துப்போய்விட்டால் ஏழு நாரைக்கும் இறக்கை ஒரே நிலையில் இருக்கும், அச்சில் வார்த்த மாதிரி. வேகத்தை ஒரு படி கூட்டியோ குறைத்தோ மறுபடி எடுக்க வேண்டும். கூழைக்கடாவும் நாரையும் சில முறை சிறகடித்துவிட்டுக் கொஞ்ச தூரம் சறுக்கும். சறுக்கும்போது எடுத்தால் ஏழும் ஒன்றுபோலவே இருக்கும், உயிர் இருக்காது. தோள் அசையத் தொடங்கியதும் அழுத்துங்கள்.

எனக்கு ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதம், மாலை நாலரை இருக்கும். வெயில் என் முதுகுக்குப் பின்னால். நல்ல வெளிச்சம், நீல வானம், சங்குவளை நாரை ஒன்று நேராக வந்தது. டார்க் முறையில் ஏழு ஃப்ரேம். திரையைப் பார்த்தபோது நாரையே இல்லை. கறுப்புச் சிறகு விளிம்புகள் மட்டும் ஏழு ஜோடி வானத்தில் தொங்கின. உடல் எங்கே போயிற்று? வெயில் பட்ட வெள்ளை உடல், பின்னால் இருந்த நீல வானத்தைவிட வெளிச்சம். 'எது இருட்டோ அது' என்ற கணக்கில் வானம் ஜெயித்துவிட்டது. சிறகின் ஓரத்திலும் வாலிலும் இருக்கும் கறுப்பு மட்டும் தப்பித்தது. இரண்டு நிறப் பறவைகளில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. அன்று ஒரு மணி நேரம் பொறுத்திருந்து, கரையின் மறுகோடிக்கு நடந்துபோய், சூரியன் பறவைக்குப் பின்னால் வரும்படி நின்றேன். இப்போது வெள்ளை உடலும் நிழலுக்குள் வந்துவிட்டது. வானம் ஆரஞ்சு, நாரை முழுக்கக் கறுப்பு, ஏழும் முழுசாக விழுந்தன. ஆனால் முதலில் எடுத்த அந்த உடலில்லாச் சிறகுகளை நான் அழிக்கவில்லை. நாரையின் சிறகு எப்படி மடிந்து எழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் என்னிடம் வேறு இல்லை.

டார்க் முறையில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. மேகம் நகர்ந்தால் அதன் நிழல் பகுதிகள் எல்லாம் சேர்ந்து வானம் அழுக்காகும். ஒன்றிரண்டு நொடிக்குள் முடிகிற வரிசையில் இது பெரிதாகத் தெரியாது. காற்றில் ஆடும் கிளைகளும் அப்படியே, ஒரு கிளை மூன்றாகி மரம் அடர்ந்துபோகும். பறவை பார்க்கும் கண்காணிப்புக் கோபுரத்தின் மேலிருந்து எடுப்பவர்கள் பக்கத்தில் யாராவது படியேறும்போது அழுத்தாதீர்கள். அந்த அதிர்வு சாதாரணப் படத்தில் தெரியாது, இதில் மர விளிம்பெல்லாம் இரட்டையாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆவரேஜ் முறையைப் பற்றிக் குறையாகவே சொல்லிவிட்டேன். அதற்கென்றே பிறந்த ஒரு பறவை இருக்கிறது: கறுப்புவெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடிக்குமே, அது. அந்த நேரத்தில் அதன் தலையைக் கவனித்திருக்கிறீர்களா? இறக்கை அப்படிப் படபடக்கும், உடல் லேசாக ஊசலாடும், தலை மட்டும் ஆணியடித்த மாதிரி அதே இடத்தில் நிற்கும். கண் மீனைவிட்டு விலகக் கூடாதல்லவா? வேகமான பர்ஸ்டில் (விடாமல் அடுத்தடுத்து எடுப்பதில்) ஐந்து ஃப்ரேம் எடுத்து ஆவரேஜில் சேர்த்தால், ஐந்திலும் ஒரே இடத்தில் இருக்கும் தலை வகுத்தாலும் குறையாது. கண்ணும் அலகும் கூர்மையாக நிற்கும். உடல் கொஞ்சம் மிருதுவாகும். இறக்கைகள் மட்டும் ஐந்து நிலைகளில், கண்ணாடி விசிறிபோல் விரியும். உங்கள் கொக்கில் குறையாகப்பட்ட அதே ஊடுருவல் இங்கே அழகு. பாறைகளுக்கு மேலே நின்று பறக்கும் சிற்றெழாலிலும் (கெஸ்ட்ரல்) இதைச் செய்யலாம், ஆனால் மீன்கொத்தி அளவுக்கு எனக்கு வேறெதுவும் அமையவில்லை.

அடுத்தது நிழலுருவுக்குள் இன்னொரு காட்சியை நிரப்புவது. இறக்கையை விரித்து வெயில் காயும் நீர்க்காகத்தை, வெளிறிய வானம் முழுக்கப் பின்னால் வரும்படி, இரண்டு ஸ்டாப் கூட்டி எடுங்கள். வானம் சுத்த வெள்ளை, நீர்க்காகம் கறுப்பு. அடுத்த ஃப்ரேமில் தண்ணீரின் அலையையோ இலைக்கொத்தையோ ஃப்ரேம் நிறைய எடுத்து, பிரைட் முறையில் சேருங்கள். வெள்ளை வானத்தைவிட வெளிச்சமாக எதுவும் இருக்க முடியாது என்பதால் இலை வானத்தில் விழாது. கறுப்பாக இருந்த பறவைக்குள் மட்டும் விழும். இலையால் செய்த நீர்க்காகம். இதில் எளிதாகக் கெட்டுப்போகிற இடம், பறவைக்குக் கீழே இருக்கும் கிளை. அதுவும் கறுப்புத்தானே, அதற்குள்ளும் இலை ஏறிவிடும். ஒற்றைக் கம்பத்தின் மேல் உட்கார்ந்த பறவையைத் தேர்ந்தெடுங்கள். பறவைக்குள் நிரப்பும் காட்சிக்கும் அந்தப் பறவைக்கும் உறவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீர்க்காகத்துக்குள் அது மூழ்கும் தண்ணீர் வந்தால் படம் பேசும். ரோஜாப்பூ வந்தால் வாழ்த்து அட்டைதான்.

கேமராவைக் கொஞ்சம் கொஞ்சம் அசைத்து ஏழெட்டு ஃப்ரேம் சேர்த்து ஓவியம் மாதிரி ஆக்குவது, ஒரு கூர்மையான ஃப்ரேமோடு ஃபோகஸ் கலைத்த இன்னொன்றைச் சேர்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. பூநாரைக் கூட்டத்தின் இளஞ்சிவப்புக்கு முதலாவது நன்றாக வரும். இவற்றுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது, எடுத்து எடுத்துத்தான் கை வரும்.

செட்டிங் சுருக்கமாக: மேனுவல் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓவையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வானத்தின் நிறம் மாறும். பறவை கடக்கும் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றுங்கள். ஷட்டர் 1/2000, அப்பர்ச்சர் எஃப் 8 என்று தொடங்கலாம். ஆவரேஜில் ஃப்ரேம் கூடக்கூட நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப்புள்ளிகள்) குறையும், ஆடிட்டிவில் கூடும்.

கேனான் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 2012இல் வந்த 5டி மார்க் 3 போன்ற சில கேமராக்களில் அவர்கள் இந்த வசதியை இரண்டு விதமாகத் தருகிறார்கள். ஒன்று தொடர் ஷூட்டிங்குக்கு: வேகம் கிடைக்கும், ஆனால் சேர்ந்த படம் மட்டுமே கார்டில் இருக்கும். மற்றது ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வதற்கு: மூல ஃப்ரேம்களையும் சேமிக்கலாம், ஆனால் வேகம் மிகவும் குறைந்துவிடும். பறக்கும் வரிசைக்கு முதலாவது, நீர்க்காகத்துக்கு இரண்டாவது. கேனானில் 9 ஃப்ரேம் வரை, நிக்கானில் 10 வரை சேர்க்கலாம். நிக்கானின் புதிய இசட் வரிசைக் கேமராக்களில் மூல ஃப்ரேம்களைத் தனியே சேமிக்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். சோனியின் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் இந்த வசதியே கிடையாது.

அங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. கணினியில் செய்தால் மட்டமா? இல்லவே இல்லை. ட்ரைபாடில் வைத்து பர்ஸ்ட் அடித்து, ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக அடுக்கி 'டார்க்கன்' கொடுத்தால் அதே கணக்குத்தான் நடக்கிறது. வேகம் கூடிப்போனால் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமைத் தூக்கிவிடும் சுதந்திரமும் உண்டு. பார்சிலோனாவைச் சேர்ந்த சாவி பௌ என்ற புகைப்படக் கலைஞர் வானில் பறவைகள் வரையும் கோடுகளை எடுத்து உலகப் புகழ் பெற்றவர். அவர் வேகமான வீடியோவாக எடுத்து, ஃப்ரேம்களைக் கணினியில்தான் சேர்க்கிறார். அவை ஒரே இடத்தில் ஒரே பறவைகள் உண்மையில் பறந்த பாதைகள். வேடந்தாங்கல் வானத்தில் பழவேற்காட்டுப் பூநாரையை வெட்டி ஒட்டினால் அது வேறு விஷயம். கேமராவுக்குள்ளேயே செய்வதை நான் விரும்புவதற்குக் காரணம் தூய்மைவாதம் இல்லை. சேர்ந்த படம் உடனே திரையில் வந்துவிடுகிறது. இடைவெளி போதவில்லை, வெயில் தவறான பக்கம் என்று அங்கேயே தெரிந்து, அடுத்த நாரை வருவதற்குள் திருத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து தெரிந்து என்ன பயன்? போட்டிகளுக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளை வரிவரியாகப் படியுங்கள். மல்டிபிள் எக்ஸ்போஷரை ஒரே மாதிரி எல்லோரும் ஏற்பதில்லை. எங்கே வெளியிட்டாலும் இது பல ஃப்ரேம் சேர்ந்தது, ஒரே நாரைதான், கூட்டம் இல்லை என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

வேடந்தாங்கலுக்குப் போவதற்கு முன்னால் நாளை மாலை மொட்டை மாடிக்குப் போங்கள். அடையப் போகும் காக்கைகள் ஐந்தரைக்கு மேல் ஒரே திசையில் கடக்கும். காக்கையைவிடக் கறுப்பான பறவை உங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? டார்க் முறை, ஐந்து ஃப்ரேம், 1/2000, வானத்துக்கு அளந்த எக்ஸ்போஷர். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ பக்கத்து வீட்டுத் தென்னை ஓலையையோ ஃப்ரேமுக்குள் வரவிடாதீர்கள், ஓலை ஆடும். காக்கை ஃப்ரேமின் விளிம்பைத் தொடும்போதே அழுத்துங்கள். நடுவுக்கு வந்த பிறகு அழுத்தினால் பாதிதான் கிடைக்கும். இருபது முறை அடித்தால் மூன்று நன்றாக வரும். அந்த மூன்றையும் அனுப்புங்கள், இடைவெளியைச் சேர்ந்து பார்ப்போம்.